உண்டியலில் போட்ட தகடு

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு ஓரிடத்தில் நின்றேன் என்று சொல்ல முடியாது. கொழும்பில் சாப்பாட்டுக் கடை, புத்தளத்தில் உப்பு வேலை, வவுனியாப் பக்கம் லொறி கிளீனர். கடைசியில் மோட்டார் சைக்கிளின் பின்னால் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் புடவை வியாபாரம். நாற்பத்தேழு வயது வரை நான் ஒரே கட்டிலில் தொடர்ந்து ஒரு மாதம் படுத்தது ஆஸ்பத்திரியில்தான். அதனாலோ என்னவோ, அந்த வார்ட்டை நினைத்தால் இப்போதும் வலி முதலில் ஞாபகம் வருவதில்லை. டெட்டோல் வாசனையும், பக்கத்துக் கட்டில் நஸீர் நானாவின் இருமலும், ஜன்னலுக்கு வெளியே ஹந்தானை மலையும்தான் வருகின்றன.

நடந்ததை வரிசையாக எழுதிக்கொண்டு வரும்படி என் வழக்கைப் பேசும் சட்டத்தரணி மிஸ் கேட்டார். அவருக்கு எழுதிக் கொடுத்தது இரண்டு பக்கம். அதில் இடமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். உடம்புக்குள் தகடோ கம்பியோ வைத்துக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவினால் போதும்.

கலஹாவில் இருந்து இறங்கி வரும்போது ஒரு வளைவில் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. மழைக்காலம், ரோட்டில் சேறு. வண்டிக்குப் பெரிய சேதம் இல்லை. துணி மூட்டைக்கும் ஒன்றுமில்லை. என் இடது தொடை எலும்புதான் நடுவில் முறிந்தது. தேயிலை லொறி ஒன்றில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். எது என்று பெயர் சொல்ல வேண்டாம். அங்கே இருந்தவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

முதலில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். முறிந்த எலும்பைச் சுற்றியுள்ள தசை இழுத்துப் பிடிக்குமாம். எலும்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடாமல் இருக்க அந்த எடை. அப்படியே பன்னிரண்டு நாள். நடமாடியே பழகியவனை மல்லாக்கக் கட்டிப்போட்டால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நஸீர் நானாவுக்குக் கம்பளையில் சில்லறைக் கடை. மாடிப்படியில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து வந்திருந்தார். முதல் நாள் நான் கட்டிலில் புரள முடியாமல் முனகியபோது திரும்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, எங்கயும் போற வேல ஈக்கிதா?"

"இல்லங்க நானா."

"அப்ப ஏன் அவசரப்படுற? நானும் இங்கதான் ஈக்கிறேன். பேசிட்டு ஈப்போம்."

அன்று தொடங்கிய பேச்சுத்தான். அவருடைய வீட்டில் இருந்து வரும் இடியாப்பத்தில் பாதி எனக்கு. என் மனைவி புஷ்பம் கொண்டுவரும் ரசத்தில் பாதி அவருக்கு. தாதி மிஸ் ஒருத்தி இரண்டு பேருக்கும் சேர்த்தே மாத்திரை கொண்டுவந்து, "அண்ணன் தம்பி விழுங்குங்க" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போவாள்.

நாங்கள் இருக்கும் லயம், தோட்டத்து வரிசை வீடு, ஹந்தானையில், புஷ்பம் பிறந்த வீட்டுப் பக்கம். வார்ட் ஜன்னலில் மலை தெரியும் என்று புஷ்பத்திடம் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு அடுத்த நாள் வந்து புஷ்பம் சொன்னாள்:

"நம்ம சிவப்புக் கம்பளிய மேல் கொடியில காயப்போட்டிருக்கேங்க. காலையில பத்து மணிக்குப் பாருங்க."

மறுநாள் பத்து மணிக்குப் பார்த்தேன். பச்சை மலை. அதில் வெள்ளையாகச் சில புள்ளிகள். லயம் எது, பாறை எது என்றே தெரியவில்லை, கம்பளி எங்கே தெரியப்போகிறது. பின்னேரம் வந்து, "தெரிஞ்சதா?" என்று கேட்டாள். மூன்று மைல் நடந்து, பிறகு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த முகம். "நல்லா தெரிஞ்சது" என்றேன். அதிலிருந்து தினமும் கேட்பாள். நானும் தினமும் தெரிந்தது என்பேன்.

தகடு என்றால் என்ன என்று டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து விளக்கினார். முறிந்த எலும்பின் மேல் நீளமான உலோகப் பட்டி ஒன்றை வைத்து, அதில் உள்ள துவாரங்கள் வழியாக எலும்புக்குள் ஆணி முடுக்குவார்கள். உடைந்த மேசைக் காலுக்குப் பலகை வைத்து இறுக்குவது மாதிரி. எலும்பு ஒட்டும் வரை பாரத்தை அந்தத் தகடு தாங்கும். ஆஸ்பத்திரியில் அந்த அளவுத் தகடு அப்போது இருப்பில் இல்லை. டொக்டர் துண்டு எழுதிக் கொடுத்தார். புஷ்பத்தின் அண்ணன் கணேசன், மாநகர சபையில் வேலை செய்பவர், வெளியே ஒரு கொம்பனியில் வாங்கிவந்தார். எட்டுத் துவாரம் உள்ள தகடு, ஆணிகளோடு, ஒரு வெள்ளைப் பெட்டியில்.

ஒப்பரேஷன் முடிந்து நான் கண் விழித்தபோது வெறும் பெட்டி கட்டிலுக்குப் பக்கத்து லாச்சி மேசையின் மேல் இருந்தது. புஷ்பம் அதைக் குப்பைக் கூடையில் போடப் போனாள்.

"தங்கச்சி, பெட்டிய வீசாத" என்றார் நானா. "கடக்காரன் சொல்றேன். சாமான் பழுதானா பெட்டிதான் பேசும்."

"மனுசன் காலுக்குள்ள போன சாமானா பழுதாகும் நானா?"

"பழுதாகாட்டி ஊசி நூல் வெச்சுக்க."

அவள் அப்படியே செய்தாள். அந்தப் பெட்டி எங்கள் அலுமாரியில் ஊசி நூல் பெட்டியாக இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்று மாதத்துக்கு அந்தக் காலை ஊன்றக் கூடாது. எழுந்தால் ஊன்றுகோல், அதுவும் வீட்டுக்குள். என்னை அறிந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். கணேசன் மச்சான், "மூணு மாசமா? இவர் மூணு நாள் இருந்தா நான் மொட்டை போடுறேன்" என்றார்.

நான் இருந்தேன். எனக்கே ஆச்சரியம். வார்ட்டில் பழகிய பழக்கம்தான் காரணமாக இருக்க வேண்டும். புஷ்பம் கொழுந்து பறிக்கப் போனதும் ரேடியோவைப் போட்டுக்கொண்டு, மலைச் சரிவில் பஸ் போகும் சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

பத்தாவது கிழமை, மூன்று மாதம் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்க, ஒரு காலை கட்டிலில் உட்கார்ந்தபடி ரேடியோவை எடுக்கத் திரும்பினேன். தொடைக்குள் சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். விழவில்லை, எழும்பவும் இல்லை. ஆனால் கால் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. புஷ்பம் பகல் சாப்பாட்டுக்கு வரும்வரை அப்படியே இருந்தேன்.

அவள் முதலில் பார்த்தது என் காலை அல்ல, வாசலை. என் செருப்பு அங்கே ஈரச் சேற்றோடு கிடந்திருக்கிறது. பீலிக்குத் தண்ணிக்குப் போன யாரோ மாட்டிக்கொண்டு போயிருப்பார்கள். லயத்தில் அது சாதாரணம்.

"எங்க போனீங்க?" என்றாள்.

"எங்கயும் போகல."

அவள் செருப்பை மறுபடி பார்த்தாள். ஆள் கூப்பிட ஓடினாள்.

எக்ஸ்ரேயில் தகடு நடுவில் இரண்டாக உடைந்திருந்தது, சரியாக ஒரு துவாரத்தின் குறுக்கே. டொக்டர் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். "விழுந்தீர்களா? நடந்தீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எலும்பு ஒட்டாமல் பாரம் ஏறினால் நல்ல தகடும் உடையும், பாரம் ஏறாமல் உடைந்தால் தகட்டைத்தான் பார்க்க வேண்டும் என்றார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொன்னது எல்லாம் வீட்டு ஆட்கள். மச்சான் வார்ட்டுக்கு வந்து நின்று, "வாங்கிக் குடுத்தது நான். நடந்து உடைச்சது நீங்க" என்றுவிட்டுப் போனார். புஷ்பம் அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ரசம் கொண்டுவந்தாள், முகம் துடைத்துவிட்டாள், தலையணையைச் சரிசெய்தாள். எல்லாம் செய்தாள், நான் சொன்னதை நம்புவதைத் தவிர.

வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு உண்மையைச் சொல்லி யாரும் ஏற்கவில்லை என்பது காலை விட வலித்தது.

இரண்டாவது ஒப்பரேஷனில் தகட்டை எடுத்துவிட்டு எலும்பின் நடுவே நீளக் கம்பி ஒன்றைச் செலுத்தினார்கள். இந்த முறை அது ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. அந்தக் கம்பியோடுதான் இப்போது நடக்கிறேன். பழைய தகட்டின் இரண்டு துண்டையும் கழுவி ஒரு சின்னப் போத்தலில் போட்டு, தாதி மிஸ் புஷ்பத்திடம் கொடுத்தாளாம். மயக்கத்தில் இருந்த எனக்கு அது தெரியாது. நஸீர் நானா அப்போது வார்ட்டில் இல்லை, குணமாகிப் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் அந்தப் போத்தலும் எங்கள் அலுமாரிக்குள் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்து, கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் லயத்துக்கு வந்தார். தகடு விற்ற கொம்பனியின் ஆள். டொக்டர் தகடு உடைந்ததைப் பற்றி எழுதியிருப்பார் போலிருக்கிறது. நல்ல மனிதர் மாதிரிப் பேசினார். மனிதாபிமானத்தில் ஒரு தொகை தருகிறோம், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். சுற்றிச் சுற்றிச் சொன்னார். நான் விடாமல் கேட்டதும் சொன்னார்: டொக்டர் சொன்னதைக் கேட்காமல் நான் காலை ஊன்றி நடந்ததால் தகடு உடைந்தது, கொம்பனி மேல் எனக்கு ஒரு கோரிக்கையும் இல்லை.

"போட்டுடுங்க" என்றாள் புஷ்பம், அடுப்படியில் இருந்து. "பொய் ஒண்ணும் எழுதலையே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள். தாளை அந்த மனிதரிடம் திருப்பிக் கொடுத்தேன். நானா ஞாபகம் வந்தது. அடுத்த நாள் ஊன்றுகோலோடு பஸ் ஏறிக் கம்பளைக்குப் போனேன்.

நானா கடையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, "கையெழுத்துப் போட்டியா?" என்றார்.

"இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ். படிக்காதவன்னு நெனச்சேன். நல்லாத்தான் படிச்சீக்கிற."

அவருடைய மருமகன் கண்டியில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருந்தார். அவர் மூலமாகத்தான் வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசும் அலுவலகம் ஒன்று இருப்பது தெரிந்தது. அங்கே இருந்த சட்டத்தரணி மிஸ் யாழ்ப்பாணத்தவர், சின்ன வயது. நானும் புஷ்பமும் போய் முன்னால் உட்கார்ந்தோம்.

"பயப்பிடாமல் சொல்லுங்கோ. நடந்தனீங்களோ?"

"இல்ல மிஸ்."

"சரி" என்று எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒருவர் என் சொல்லை அப்படியே எழுதிக்கொண்டதைப் பார்த்தேன்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். வைத்தியத்தில் தவறு என்பது ஒன்று, உடம்புக்குள் வைத்த பொருளில் தவறு என்பது வேறொன்று. பொருள் பழுது என்றால் செய்தவர், இறக்கியவர், விற்றவர் எல்லோரையும் கேட்கலாம். ஆனால் பழுது என்று நாம்தான் காட்ட வேண்டும். வார்ட்டில் நம் கதை முழுவதும் எழுதியிருக்கும் கோப்பின் பிரதியைக் கேட்டு வாங்கலாம். வழக்குப் போட இரண்டு வருடம்தான் அவகாசம். புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கக் கூடாது.

புஷ்பம் ஊசி நூலைக் கொட்டிவிட்டுக் கொண்டுவந்திருந்த வெள்ளைப் பெட்டியை மேசையில் வைத்தாள். அதன் பக்கவாட்டில் ஒரு எண் அச்சடித்திருந்தது. மிஸ்ஸின் முகம் மலர்ந்தது.

"ஓம், இதுதான் வேணும். எந்தத் தொகுதியில் செய்த தகடு எண்டு இதில இருக்குது. உடைஞ்ச தகட்டிலும் இதே எண் பொறிச்சிருப்பினம். அதைக் குடுத்தால், ஏன் உடைஞ்சது எண்டு உலோகம் தெரிஞ்ச ஆக்களிட்டக் காட்டலாம். தகடு எங்க?"

நான் புஷ்பத்தைப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மன் உண்டியல்ல போட்டுட்டேன் மிஸ்."

ஹேவாஹெட்டைக்குப் போகும் வழியில் ஒரு தோட்டத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. கை கால் முறிந்தவர்களுக்காக எங்கள் ஆட்கள் அங்கேதான் நேர்ந்துகொள்வார்கள். வெள்ளித் தகட்டில் கையோ காலோ செய்து உண்டியலில் போடுவது வழக்கம். வெள்ளிக்கு வழி இல்லாதவர்கள் கட்டுத் துணியைப் போடுவார்கள். மனிதன் உடம்பில் இருந்து எடுத்த இரும்பு வீட்டில் இருக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். புஷ்பம் இரண்டு துண்டையும் மஞ்சள் துணியில் முடிந்து போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"என்ன வேண்டிக்கிட்ட?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"உங்க கால் வீட்ல தங்கணும்னு."

கோயில் தலைவர் ஓய்வுபெற்ற தோட்டக் கிளார்க். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்தார்.

"அம்மாவுக்குக் குடுத்ததத் திருப்பிக் கேக்கிறீங்களா? இன்னைக்கு நீங்க தகட்டக் கேப்பீங்க, நாளைக்கு ஒருத்தன் மோதிரத்தக் கேட்டு வருவான்."

உண்டியலுக்கு இரண்டு சாவி. ஒன்று தலைவரிடம், ஒன்று பொருளாளரிடம். வருடத்தில் ஒரு தரம், திருவிழா முடிந்து எல்லோர் முன்னாலும்தான் திறப்பார்கள். திருவிழாவுக்கு ஐந்து மாதம் இருந்தது. எங்களுக்குப் பயம் அதுவல்ல. வெள்ளியைப் பொறுக்கி எடுத்துவிட்டு மற்றதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடுவார்கள். மிஸ் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார்: அது வழக்குச் சான்று, தயவுசெய்து யாருக்கும் கொடுக்க வேண்டாம். கடிதத்தைத் தலைவர் இரண்டு தரம் வாசித்தார். தமிழ் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு யோசித்துச் சொன்னார்:

"சும்மா எடுக்க முடியாது. அதுக்குப் பதிலா ஒண்ணு வெக்கணும்."

புஷ்பம் கம்பளையில் தட்டானிடம் சின்னதாக ஒரு வெள்ளிக் கால் செய்யக் கொடுத்தாள். நானா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாத்திக் கேக்கிறது நியாயம்தான். எங்கட கடையிலயும் அதான் சட்டம்" என்றார்.

திருவிழா முடிந்த மறுநாள் காலை மண்டபத்தில் பெரிய விரிப்பு விரித்து உண்டியலைக் கவிழ்த்தார்கள். சில்லறை, தாள், வெள்ளிக் கண், வெள்ளிக் கை, பாவாடைத் துணி. சுற்றி உட்கார்ந்த பெண்கள் பிரித்து வைத்தார்கள். நாங்கள் மஞ்சள் முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தோம். பாதிக் குவியலில் ஒரு பெண் அதை எடுத்துத் தந்தாள். புஷ்பம் அவிழ்த்தாள். இரண்டு துண்டு. எனக்குள் பத்துக் கிழமை இருந்ததை முதன்முறையாக அன்றுதான் பார்த்தேன். ஒரு விரல் அகலம். இதற்கா இவ்வளவும் என்று தோன்றியது.

"இந்தா, இன்னொண்ணும் கெடக்கு" என்றாள் அதே பெண்.

அவள் கையில் ஒரு கைக்குட்டை. அதற்குள் இன்னொரு தகடு, அதுவும் இரண்டாக. தலைவர் நான்கு துண்டையும் விரிப்பில் பக்கம் பக்கமாக வைத்தார். இரண்டும் எட்டுத் துவாரம். இரண்டும் ஒரே துவாரத்தின் குறுக்கே, ஒரே மாதிரிச் சாய்வாக உடைந்திருந்தன. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, புஷ்பத்தின் பெட்டியை வாங்கி எண்ணை வாசித்தார். என் தகட்டில் வாசித்தார். மற்றதில் வாசித்தார். மறுபடியும் முதலில் இருந்து வாசித்தார்.

"மூணும் ஒண்ணுதான்" என்றார்.

புஷ்பம் செய்து கொண்டுவந்த வெள்ளிக் காலை எடுத்து உண்டியலில் போட்டாள்.

அந்தக் கைக்குட்டை யாருடையது என்று பூசாரிக்கு ஞாபகம் இருந்தது. ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்து ஒரு பொம்பளைப் பிள்ளை வந்து, தாய்க்காகப் போட்டதாம். தாய் பெயர் ராக்கம்மா. எனக்கு அந்தத் தோட்டம் தெரியும். அந்த லயம் தெரியும். ராக்கம்மாவுக்கு நீலப் புடவை ஒன்று விற்றிருக்கிறேன், இரண்டு தவணையில். ஊர் ஊராகத் திரிந்ததற்கு ஒரு பலன் இருந்தது.

மிஸ்ஸுக்கு ஆள் அனுப்பிவிட்டு, இருவருமாக பஸ் ஏறிப் போனோம். ராக்கம்மா கட்டிலில் இருந்தாள். மலையில் சறுக்கி விழுந்து தொடை முறிந்து, தகடு வைத்து, எட்டாவது கிழமை அது உடைந்திருக்கிறது. தகட்டை எடுத்துவிட்டார்கள், மறுபடி வைக்க இன்னும் நாள் வரவில்லை. கொம்பனி ஆள் அங்கேயும் தாளோடு வந்திருக்கிறார். அவள் கைநாட்டு வைத்துவிட்டாள்.

"நடந்தேன்னு எழுதியிருக்காம். மக வாசிச்சுப் பாத்துட்டு அழுவுறா" என்றாள் ராக்கம்மா. "நான் எங்க சாமி நடந்தேன்? கக்கூசுக்கே இவதான் தூக்கிட்டுப் போனா."

புஷ்பம் அவள் பக்கத்தில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவள் காலை மெல்லத் தடவிக்கொண்டே இருந்தாள். கைநாட்டு வைத்திருந்தாலும், என்னவென்று சொல்லாமல் வாங்கியதை எதிர்த்துப் பேசலாம் என்று மிஸ் பிறகு சொன்னார். இப்போது அவரிடம் என் வழக்கும் ராக்கம்மாவின் வழக்கும் சேர்ந்து இருக்கின்றன. நான்கு துண்டும் முத்திரை வைத்த உறையில் இருக்கின்றன. என்ன தீர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியாது. கொம்பனியில் இருந்து கடைசியாக வந்த கடிதத்தில், நான் நடந்தேன் என்ற வரி மட்டும் இல்லை.

அன்று ராக்கம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னல் பக்கம் புஷ்பம். வெயில் தாழ்ந்து, தூரத்தில் எங்கள் மலை தெரிந்தது.

"அப்ப நீங்க நடக்கலதான்" என்றாள்.

"எத்தன தரம் சொன்னேன்."

"சொன்னீங்க."

கொஞ்ச தூரம் போன பிறகு நானே தொடங்கினேன். மனதில் இருந்ததை எல்லாம் சொல்லிவிட நல்ல நேரம் என்று பட்டது.

"ஒண்ணே ஒண்ணுதான் பொய் சொன்னேன் புஷ்பம். வார்ட்ல இருந்து பாத்தா அந்தக் கம்பளி தெரியாது. ஒரு நாளும் தெரியல."

அவள் மலையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும். நடுவுல நாலு நாள் ஒரே மழை. நான் கம்பளியே போடல. அந்த நாள்லயும் வந்து கேட்டேன், நல்லா தெரிஞ்சதுன்னீங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அதுக்கப்புறம் நீங்க சொன்ன எத நான் நம்புறது?"